ஆள் மட்டும் சாம்பலாகி வீடு எரியாம நிக்குறது எப்படி?

கேள்வி இதுதான்: "மனுஷ உடம்பு தானாவே தீப்பிடிச்சு எரியும்னு ஒரு வீடியோ பார்த்தேன். ஆள் முழுக்க சாம்பல், ஒரு கால் மட்டும் மிச்சம், பக்கத்துல கிடந்த பேப்பர் கூட கருகல. இதுக்கு அறிவியல்ல விளக்கம் இருக்கா? அவங்க உயிரோட இருக்கும்போதே எரிஞ்சிருப்பாங்களா?"

இருக்கு, நல்லாவே இருக்கு. நான் தீ விபத்து சம்பந்தப்பட்ட வேலையில இருக்கறதால இந்த கேள்வி எனக்கு அடிக்கடி வரும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. தீ எப்படி பத்துச்சுங்கறது ஒண்ணு, பத்துன தீ எப்படி ஆளை மட்டும் தின்னுட்டு வீட்டை விட்டுச்சுங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பதில் கிடைச்சு பல வருஷம் ஆச்சு. முதல் கேள்விக்கான சாட்சி பெரும்பாலும் அந்த ஆளோட சேர்ந்தே எரிஞ்சு போயிடுது. ஒரு சிகரெட் துண்டு எரிஞ்சா என்னங்க மிஞ்சும்? எதுவும் கிடைக்கலைன்னதும் "எப்படி பத்துச்சுன்னு தெரியல"ன்னு எழுத வேண்டிய இடத்துல "தானா பத்திக்கிச்சு"ன்னு எழுதிடறாங்க. மொத்த குழப்பமும் இந்த ஒரு தாவல்ல இருந்து வர்றதுதான்.

நீங்க பார்த்த வீடியோ எதுன்னு தெரியல, ஆனா இதுல ரொம்ப பிரபலமான கேஸ் மேரி ரீசர். அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1951 ஜூலை 2. காலையில ஒரு தந்தி வருது, வீட்டுக்காரம்மா அதை குடுக்கலாம்னு போறாங்க, கதவு கைப்பிடி தொட முடியாத சூடு. உள்ள போய் பார்த்தா ஈஸி சேர் இருந்த இடத்துல ஸ்பிரிங்கும் சாம்பலும், செருப்பு போட்ட ஒரு கால் பாதம், கொஞ்சம் முதுகெலும்பு, அவ்வளவுதான். 67 வயசு, கிட்டத்தட்ட 77 கிலோ எடை இருந்தவங்க. சுவரோட மேல்பகுதி பூரா எண்ணெய்ப்பிசுக்கு மாதிரி கரி, கீழ்ப்பகுதி சுத்தமா இருக்கு. இவ்வளவையும் எல்லா வீடியோவுலயும் சொல்லுவாங்க. சொல்லாம விடறது என்னன்னா, முந்தின நாள் ராத்திரி அவங்க மகன் (அவர் ஒரு டாக்டர்) பார்த்தப்ப அவங்க அதே சேர்ல உட்கார்ந்து சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, ரேயான் அசிடேட்ங்கற சுலபமா தீப்பிடிக்கற துணியில நைட்டி போட்டிருந்தாங்க, தூக்க மாத்திரை ரெண்டு போட்டாச்சு, இன்னும் ரெண்டு போடப் போறேன்னும் சொல்லியிருக்காங்க. அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, தடயங்களோட சாம்பிளையெல்லாம் வாங்கி சோதிச்சுட்டு, சிகரெட்டோட தூங்கிப் போயிட்டாங்க, துணியும் சேரும் பத்திக்கிச்சு, அப்புறம் உடம்புல இருந்த கொழுப்பே எரிபொருளா ஆயிடுச்சுன்னு முடிவு சொன்னாங்க. ராத்திரி ஒன்பது மணி வாக்குல உயிரோட பார்த்தது, காலையில எட்டு மணிக்கு கண்டுபிடிச்சது, நடுவுல பதினோரு மணி நேரம். இந்த பதினோரு மணி நேரத்தை மனசுல வெச்சுக்கோங்க, இதுலதான் எல்லாமே இருக்கு.

இப்ப எல்லாரும் கேக்கறது, உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே, அது எப்படி எரியும்னு. நியாயமான சந்தேகம், ஆனா கணக்கு போட்டா வேற மாதிரி வருது. 70 கிலோ ஆள்னு வெச்சுக்குவோம், தண்ணி சுமார் 40 கிலோ. ஒரு கிலோ தண்ணியை உடம்பு சூட்டுல இருந்து கொதிக்க வெச்சு ஆவியாக்க கிட்டத்தட்ட 2.5 மெகாஜூல் (சக்தியை அளக்கற அலகு) வேணும், அப்ப மொத்தத்துக்கும் சுமார் 100. அதே உடம்புல கொழுப்பு ஒரு 15 கிலோ இருக்கும், கொழுப்பு ஒரு கிலோ எரிஞ்சா சுமார் 39 மெகாஜூல் தரும், மொத்தம் 580க்கு மேல போயிடுது. அதுல முக்கால்வாசி புகையோட மேல போய் வீணாப்போனா கூட, மிச்சம் இருக்கற கால்வாசியே தண்ணி பூராவையும் ஆவியாக்கிடும். ஆக எரிபொருள் போதாதுங்கற பேச்சுக்கே இடம் இல்ல. அப்ப ஏன் நாம யாரும் சும்மா எரியறது இல்லன்னா, கொழுப்பை அப்படியே தீக்குச்சியால பத்த வைக்க முடியாது. ஒரு கட்டி மெழுகை எடுத்து தீக்குச்சி காட்டிப் பாருங்க, உருகுமே தவிர பத்தாது. நடுவுல ஒரு நூல் போட்டா மணிக்கணக்கா எரியும். நூலுக்கு வேலை என்னன்னா உருகுனதை கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்து, ஆவியாகுற அளவுக்கு சூடு இருக்கற இடத்துல கொண்டு போய் விடறது.

மனுஷன் விஷயத்துல இது உள்பக்கம் வெளிப்பக்கமா திருப்பின மெழுகுவத்தி. மெழுகு உள்ள, திரி வெளிய. போட்டிருக்கற துணி, போர்வை, சேரோட பஞ்சு, கம்பளம் இதெல்லாம் திரி. முதல்ல துணி எரியுது, அந்த சூட்டுல தோல் சுருங்கி வெடிக்குது, அடியில இருக்கற கொழுப்பு உருகி வெளிய வருது, கருகின துணி அதை உறிஞ்சிக்குது, அது எரிஞ்சு அடுத்த கொழுப்பை உருக்குது. ஒரு தடவை இந்த சுற்று ஆரம்பிச்சா வெளியில இருந்து எதுவும் ஊத்த வேண்டாம், ஆனா ஆரம்பிக்க ஒரு நெருப்பு கண்டிப்பா வேணும். துறையில இதை திரி விளைவுன்னு சொல்லுவாங்க.

இதை வாய்ப்பேச்சா மட்டும் சொல்லல, செஞ்சே பார்த்திருக்காங்க. 1998ல பிபிசி நிகழ்ச்சி ஒண்ணுக்காக ஜான் டீஹான்னு ஒரு அமெரிக்க தீ தடயவியல் நிபுணர், செத்த பன்னியை போர்வையில சுத்தி (பன்னியோட கொழுப்பு நம்ம கொழுப்புக்கு ரொம்ப பக்கம்), சாமான் போட்ட ஒரு ரூம்ல வெச்சு, கொஞ்சமா பெட்ரோல் தெளிச்சு பத்த வெச்சார். பெட்ரோல் கொஞ்ச நேரத்துல காலி, அதுக்கப்புறம் கொழுப்பு மட்டுமே சின்ன தீயா அஞ்சு மணி நேரத்துக்கு மேல எரிஞ்சுது, தீ எரிஞ்ச பகுதியில எலும்பு தொட்டா உதிர்ற மாதிரி ஆயிடுச்சு, ரூம் பத்திக்கல. அதுக்கு முன்னாடியே, 1991 பிப்ரவரியில, ஓரிகன் மாநிலத்துல மெட்ஃபோர்ட் பக்கத்து காட்டுல நடந்து போன ரெண்டு பேர் ஒரு பொண்ணோட உடம்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கறதை பார்த்தாங்க. கொலை. கொன்னவன் அடுப்புக்கரி பத்த வைக்கற திரவத்தை ஊத்தி கொளுத்திட்டு போயிருக்கான். அது எப்பவோ எரிஞ்சு முடிஞ்சும் உடம்பு தானே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் பொடி. சோதனைக்கூடத்துக்கு வெளிய, மனுஷ உடம்புலயே திரி விளைவை நேர்ல பார்த்த கேஸ்ங்கறதால எனக்கு பன்னி சோதனையை விட இதுதான் பெரிய சாட்சி.

"மின்மயானத்துலயே 800, 900 டிகிரி வேணுமே, சின்ன தீயில எலும்பு எப்படி பொடியாகும்"னு அடுத்த கேள்வி வரும். அங்க அவ்வளவு சூடு வைக்கறது சீக்கிரம் முடியணும்னுதான், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வேலை முடியணும். சூடு குறைவா இருந்தாலும் அதே இடத்துல எட்டு பத்து மணி நேரம் விடாம எரிஞ்சா எலும்புல இருக்கற கரிமப்பொருள் போயிடும், மிச்சம் இருக்கற சுண்ணாம்பு மாதிரி பொருள் தானா நொறுங்கும். இதுல பாதிக்கப்பட்டவங்க நிறைய பேர் வயசானவங்கங்கறதும் சேர்த்து பாருங்க. ஆஞ்சி கிறிஸ்டென்சன்னு ஒரு தடயவியல் மானுடவியல் ஆய்வாளர் 2002ல எழுதின ஆய்வுல, எலும்பு அடர்த்தி குறைஞ்சு போனவங்களோட எலும்பு தீயில மத்தவங்களோடதை விட சுலபமா நிறம் மாறி உடையுதுன்னு காட்டினாங்க. ரீசரோட மண்டை ஓடு டீ கப் அளவுக்கு சுருங்கிடுச்சுன்னு ஒரு கதை சுத்துது பாருங்க, அதை நம்பாதீங்க, எலும்பு சூட்டுல கொஞ்சம் சுருங்கும், உடையும், அந்த அளவுக்கெல்லாம் சுருங்காது.

சரி, வீடு ஏன் எரியல? மேல போட்ட அதே கணக்கு. 580 மெகாஜூல் எட்டு மணி நேரத்துல வெளிய வந்தா சராசரியா 20 கிலோவாட். கேஸ் அடுப்பு பர்னர் ஒண்ணு ரெண்டு மூணு கிலோவாட் இருக்கும், அப்ப ஏழெட்டு பர்னர் ஒண்ணா எரியற மாதிரி. ஒரு ரூம் மொத்தமும் குப்புன்னு பத்திக்கணும்னா தோராயமா ஆயிரம் கிலோவாட் பக்கத்துல வேணும், சீலிங்குக்கு கீழ நிக்கற புகை 600 டிகிரியை ஒட்டி போகணும். இந்த தீ அதுக்கு கிட்டயே வராது. சூடு மேல போகும், பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி போனாலே வேகமா குறையும். அதனால நேர் மேல சீலிங் கருகும், அடியில தரை ஓட்டையாகும், ரெண்டடி தள்ளி தரையில கிடக்கற பேப்பர் அப்படியே இருக்கும். சமையல் அடுப்பு மணிக்கணக்கா எரியுது, பக்கத்து அலமாரி பத்திக்குதா? சுவர் மேல்பகுதி மட்டும் பிசுபிசுன்னு கருப்பாகறதும் இதனாலதான், கொழுப்பு புகை மேல போய் படியுது. ஜன்னல் கதவு சாத்தியிருந்தா காத்தும் குறைவு, தீ இன்னும் அடங்கி மெதுவா எரியும்.

கால் மிஞ்சறதுக்கு காரணம் இன்னும் சிம்பிள். தீ மேல போகும், கீழ இறங்க ரொம்ப யோசிக்கும். உட்கார்ந்திருக்கற ஆளோட பாதம் கீழ, முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, அங்க கொழுப்பும் கம்மி, சேரோட பஞ்சும் எட்டாது. திரி முடியற இடத்துல தீ நிக்குது. வயிறு, இடுப்பு, தொடை பகுதிதான் கொழுப்பும் துணியும் அதிகம் இருக்கற இடம், அதுதான் முதல்ல போகுது. உள்ள இருந்து பத்தியிருந்தா கால் மட்டும் ஏன் தப்பிக்கணும்னு திருப்பி கேட்டுப் பாருங்க, தானா எரிஞ்சதுன்னு சொல்றவங்ககிட்ட அதுக்கு பதிலே இருக்காது.

1966 டிசம்பர்ல பென்சில்வேனியாவுல கூடர்ஸ்போர்ட்ங்கற ஊர்ல நடந்ததும் இதே கதைதான். 92 வயசு ரிட்டயர்டு டாக்டர், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் கண்டுபிடிச்சார். பாத்ரூம் தரையில ஒரு ஓட்டை, ஓரத்துல முழங்காலுக்கு கீழ உள்ள ஒரு கால், ஓட்டைக்கு மேல சாஞ்ச வாக்கர், சாம்பல் கீழ பேஸ்மென்ட்ல. பெரியவருக்கு பைப் பிடிக்கற பழக்கம், அந்த நெருப்பு விழுந்து அவரோட துணியில ஏற்கனவே பொத்தல் பொத்தலா இருந்திருக்கு. அவர் போட்டிருந்த அங்கி பாத்டப்புல கருகி கிடந்துச்சு, அப்ப துணி பத்துனதை அவர் உணர்ந்து பாத்ரூம் வரை வந்து கழட்டிப் போட்டிருக்கார்னு அர்த்தம். தானா உள்ளிருந்து எரிஞ்சவர் அங்கியை கழட்ட பாத்ரூமுக்கு ஏன் போகணும்? தரை ஓட்டையானதும் கீழ இருந்து காத்து மேல வர ஆரம்பிச்சிருக்கும், புகைபோக்கி வெச்ச அடுப்பு மாதிரி, அதனாலதான் அவ்வளவு முழுசா எரிஞ்சுது.

இப்ப மத்த விளக்கங்கள். பழசு சாராயம். குடிகாரன் உடம்பு சாராயத்துல ஊறிப்போய் பத்திக்கும்னு 18, 19ஆம் நூற்றாண்டுல டாக்டர்களே நம்பினாங்க, மதுவிலக்கு பேசறவங்களுக்கும் வசதியா இருந்துச்சு, சார்லஸ் டிக்கன்ஸ் கூட 1850கள்ல வந்த ப்ளீக் ஹவுஸ் நாவல்ல ஒரு பாத்திரத்தை இப்படி சாகடிச்சு, அதுக்காக சண்டையே நடந்துச்சு. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் இதை அப்பவே உடைச்சிட்டார், ஆல்கஹால்ல ஊறின மாமிசத்தை கொளுத்தினா ஆல்கஹால்தான் எரிஞ்சு போகுது, மாமிசம் எரியலன்னு. ரத்தத்துல 0.4 சதவீதம் ஆல்கஹால் போனாலே உயிருக்கு ஆபத்து, பத்திக்கற அளவுக்கு ஏறணும்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் போயிருப்பான். குடிக்கு இதுல பங்கு இருக்கு, ஆனா எரிபொருளா இல்ல, சட்டையில நெருப்பு விழுந்தும் எழுந்திரிக்க விடாததா. தூக்க மாத்திரை, பக்கவாதம், மாரடைப்பு, தள்ளாத வயசு எல்லாமே அதே வேலையைத்தான் செய்யுது.

லீபிக் பேர் வந்ததால ஒரு குட்டிக்கதை. 1847ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்ங்கற ஊர்ல கோர்லிட்ஸ் சீமாட்டி எரிஞ்சு கிடந்தாங்க, தானா எரிஞ்சதுன்னு பேச்சு கிளம்புச்சு. விசாரணையில லீபிக்கும் பிஷோஃப்ங்கற பேராசிரியரும் அப்படி நடக்க வாய்ப்பே இல்லன்னு சாட்சி சொன்னாங்க. கடைசியில வேலைக்காரன் கொன்னுட்டு மறைக்க தீ வெச்சான்னு 1850ல தண்டனை ஆச்சு. "தானா எரிஞ்சுது"ங்கற நம்பிக்கை யாருக்கு லாபம்னு இதுல தெரியுதில்ல?

அடுத்தது குடல் வாயு. மீத்தேன், ஹைட்ரஜன் ரெண்டும் எரியற வாயுதான், பொய் இல்ல. மன்னிட்டால்ங்கற சர்க்கரை மாதிரி மருந்து குடுத்து குடலை சுத்தம் பண்ண நோயாளிகளுக்கு, பெருங்குடல்ல மின்சூட்டு கருவி வெச்சப்ப உள்ள வெடிச்ச சம்பவங்கள் மருத்துவத்துல பதிவாகியிருக்கு. ஆனா கவனிங்க, அங்கயும் பொறி வெளியில இருந்துதான் வந்துச்சு, ஒரு நொடி வெடிப்பு, குடல் கிழிஞ்சுது, ஆள் சாம்பலாகல. மாடு நம்மளை விட எத்தனையோ மடங்கு மீத்தேன் விடுது, எந்த மாடும் தானா எரிஞ்சதா கேள்விப்பட்டதில்ல. மாடு சிகரெட் பிடிக்காது, அதான் வித்தியாசம்.

கொஞ்சம் மரியாதையா பாக்க வேண்டியது அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கற திரவத்துல இருக்கறது) விளக்கம். பிரையன் ஃபோர்டுங்கற பிரிட்டிஷ் உயிரியலாளர் 2012ல சொன்னது. பட்டினி, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், குடி இதனால உடம்பு சர்க்கரைக்கு பதிலா கொழுப்பை பயன்படுத்தற கீட்டோசிஸ் நிலைக்கு போகும்போது அசிட்டோன் உருவாகுது, அது நல்லா பத்தும். பன்னி மாமிசத்தை அசிட்டோன்ல ஊற வெச்சு சின்ன மனுஷ உருவம் செஞ்சு எரிச்சு காட்டினார், கால் மட்டும் மிஞ்சி எரிஞ்சுது. பாக்க நல்லா இருக்கும். சிக்கல் அளவுல இருக்கு. காத்துல அசிட்டோன் ஆவி குறைஞ்சது 2.5 சதவீதம், அதாவது பத்து லட்சத்துல 25,000 பங்கு இருந்தாதான் பத்தும். கீட்டோ அசிடோசிஸ் (அந்த நிலையோட ஆபத்தான கட்டம்) முத்திப்போய் ஆஸ்பத்திரியில கிடக்கற நோயாளியோட மூச்சுல கூட அது ஆயிரம் பங்கை ஒட்டித்தான் போகும். மாமிசத்தை அசிட்டோன்ல ஊற வெச்சா எரியுதுன்னா அது அசிட்டோனை பத்தி சொல்லுது, மனுஷனை பத்தி இல்ல. தவிர இதுக்கும் பொறி வெளியில இருந்துதான் வரணும்.

ஸ்டாட்டிக் மின்சாரம் (துணி உரசி உடம்புல சேர்ற மின்சாரம்)? உடம்புல 20,000 வோல்ட் ஏறினாலும் அந்த பொறியோட சக்தி 20 மில்லிஜூல் பக்கம்தான். பெட்ரோல் ஆவியை பத்த வைக்க தாராளமா போதும், ஈரமான சதையை ஒண்ணும் பண்ணாது. பாஸ்பரஸ் பத்தி பேசறவங்களுக்கு, நம்ம உடம்புல இருக்கறது எலும்புல பாஸ்பேட்டா கட்டுண்டு கிடக்கற பாஸ்பரஸ், தானா எரியற வெள்ளை பாஸ்பரஸ் இல்ல. பந்து மின்னல், யாரும் பார்க்காத புது அணுத்துகள், இதுக்கெல்லாம் நேரம் செலவு பண்ண வேண்டாம்.

தானா பத்திக்கறதுங்கற நிகழ்வே பொய்யான்னு கேட்டா, இல்ல, அது நிஜம். ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணியை குவிச்சு போட்டா சில மணி நேரத்துல தானா பத்தும், வைக்கோல் போர் பத்தும், நிலக்கரி குவியல் பத்தும். காத்தோட சேர்ந்து மெதுவா ஆக்சிஜனேற்றம் நடக்குது, உண்டாகுற சூடு வெளிய போக வழி இல்லாம சேர்ந்துக்கிட்டே போகுது. மனுஷ உடம்பு இதுக்கு நேர் எதிர். சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் அளவுக்கு சூடு உண்டாகுது, ரத்த ஓட்டமும் வேர்வையும் அதை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. அது ஃபெயில் ஆகி 42 டிகிரியை தாண்டினாலே ஆள் பிழைக்கறது கஷ்டம், கொழுப்பு பத்தறதுக்கு அதுக்கு மேல இன்னும் நூத்துக்கணக்கான டிகிரி போகணும்.

எதிர்தரப்புக்கு இருக்கற வலுவான ஆதாரம் அயர்லாந்து கேஸ், அதை மறைக்கக்கூடாது. 2010 டிசம்பர்ல கால்வேங்கற ஊர்ல 76 வயசு பெரியவர் ஒருத்தர் எரிஞ்சு கிடந்தார், அவரும் அடியில தரையும் மேல சீலிங்கும் மட்டும்தான் எரிஞ்சிருந்துச்சு. 2011 செப்டம்பர்ல மரண விசாரணை அதிகாரி, தன்னோட 25 வருஷ அனுபவத்துல முதல் தடவையா, இது தானா எரிஞ்ச மரணம்னே தீர்ப்பு எழுதினார். ஆனா அந்த பெரியவரோட தலை கிடந்தது திறந்த கணப்பு அடுப்பு பக்கத்துல. தீ அங்கிருந்து பரவலன்னு விசாரிச்சவங்க கருதினாங்க, வேற காரணம் கிடைக்கல, அதனால அந்த பேர். நான் முதல்ல சொன்ன அதே தாவல், இந்த தடவை அரசு முத்திரையோட. ஒரு சின்ன கங்கு தெறிச்சு துணியில விழுந்தா அதுக்கு எந்த தடயமும் இருக்காது, அதை இல்லைன்னு நிரூபிக்கவும் முடியாது. ஜோ நிக்கல், ஜான் ஃபிஷர்னு ரெண்டு பேர் 1980கள்ல பழைய கேஸ் 30 எடுத்து ஒவ்வொண்ணா நோண்டினப்பவும் இதுதான் வந்துச்சு, பெரும்பாலான கேஸ்ல பக்கத்துலயே மெழுகுவத்தி, விளக்கு, கணப்பு, சிகரெட்னு ஏதோ ஒண்ணு இருந்துச்சு, சொல்றவங்க அதை விட்டுட்டு சொன்னாங்க.

கடைசி கேள்வி, உயிரோட இருக்கும்போதே எரிஞ்சாங்களா. முழுசா எரியறது மணிக்கணக்கான வேலை, அவ்வளவு நேரம் யாரும் உயிரோட இருக்க முடியாது, அதுல சந்தேகமே வேண்டாம். கேள்வி முதல் சில நிமிஷம் பத்திதான். பஞ்சு வெச்ச பழைய சேர்ல சிகரெட் விழுந்தா உடனே தீ வராது, ரொம்ப நேரம் புகைஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கும், தூங்கறவங்களை அது எழுப்பாது, இன்னும் ஆழமா தூங்க வெச்சிடும். ரீசர் மாதிரி மாத்திரை போட்டு தூங்கினவங்க சேரை விட்டு நகராமலே இருந்ததுக்கு இதுதான் காரணமா இருக்கணும். பாத்ரூம் வரை போன அந்த டாக்டர் விஷயத்துல அப்படி சொல்ல முடியல, அவருக்கு தெரிஞ்சிருக்கு.